அப்பா சொல்லச் சொன்னாங்க

"ரோசலின், வெஞ்சனத்துல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு," என்றார் அப்பா. அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், கைக்கெட்டும் தூரத்தில்.

"உப்பு கம்மியாம்மா."

"அந்தப் பிளிமத் கார நக்கச் சொல்லு. அதுல உப்பு இருக்கும்."

"அடுத்த தடவ பாத்துப் போடுறாங்களாம்ப்பா," என்றேன்.

பதினோரு வருஷமாக எனக்கு இதுதான் உத்தியோகம். தாய்வீட்டில் அம்மாவுக்குக் கொடுத்த தென்னந்தோப்பை ஐம்பத்தொன்றாம் வருஷம் அப்பா விற்று, அந்தக் காரை வாங்கினார். அன்றோடு பேச்சு நின்றது. திண்டுக்கல்லில் எங்கப்பா புகையிலைக்கார சூசைமாணிக்கம் வீடென்றால் சும்மாவா! உள்ளே வந்து பார்த்தால் ஊரே சிரிக்கும்.

எனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. மூன்று வரன் வந்தது. அப்பா சரி என்றால் அம்மாவுக்கு ஆகாது, அம்மா சரி என்றால் அப்பாவுக்கு ஆகாது. நாலாவதாக வத்தலக்குண்டு வாத்தியார் வந்தபோது துணிந்து பொய் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அப்பாவிடம். மறுநிமிஷமே இரண்டு பேருக்கும் மாப்பிள்ளை பிடித்துவிட்டது. நாளை மாதாகோயில் ஞாயிறு பூசையில் சாமியார் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கப்போகிறார். இந்த வீட்டைவிட்டு நான் தப்பிக்க அந்த ஒரு ஓலைதான் வழி.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் தெக்கு ரூம நான் எடுத்துக்குவேன்னு உங்கம்மாகிட்டச்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அப்புறம் யார் சொல்லுவது? அம்மாவின் கையும் இலையில் நின்றுவிட்டது.

அப்பா மெல்லத் தலை தூக்கி அம்மாவையே நேராகப் பார்த்தார். "செபாஸ்தி, இவ போயிட்டா?"

"அதாங்க எனக்கும் பயமா இருக்கு. ஓலை வேணாம்னுருவோமா?"

"வேணாம்தான்."

"அய்யோ, அதான் இப்பப் பேசிட்டீங்கள்ல! இனிமே நான் எதுக்கு? என்னய விட்டுருங்க, கும்புடுறேன்!" என்று கத்தினேன். கண்ணீர் இலையில் விழுந்தது.

இருவரும் திடுக்கிட்டார்கள். செய்யக்கூடாததைச் செய்து மாட்டிக்கொண்டவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு அம்மா, சுவரைப் பார்த்தபடி, "ரோசலின், உங்கப்பாவ கார எடுத்துட்டுப் போயி சாமியாரப் பாத்து ஓலைய நிப்பாட்டிட்டு வரச் சொல்லு," என்றாள்.

அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.