மீனம்மாவின் பதினேழு நிமிடம்

கொழும்பிலிருந்து பேராசிரியரின் மின்னஞ்சல் வந்தது. ஆய்வுத் தரவுகளைத் தேடினால் கிடைக்கும்படியும் பிறர் மறுபடி பயன்படுத்தும்படியும் வைப்பது எப்படி என்று, அவரவர் பொறுப்புக்கேற்ற பயிற்சியை ஆய்வுக்குழுவில் எல்லாரும் இணையத்தில் முடிக்க வேண்டுமாம். சான்றிதழ் கட்டாயம்.

என் பொறுப்பு, வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஏறி இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் முதுகுவலி பற்றிக் கேட்டு போனில் பதிவது. அட்டைக்கடி தனி.

தோட்டத்தில் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அங்கே நின்று திறந்தேன். 'நீங்கள் யார்?' என்றது பக்கம். பேராசிரியர், நூலகர், நிதி வழங்குபவர், கொள்கை வகுப்பவர். நாலு பேர் வந்ததும் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. நாலு பேரில் நான் இல்லை. பேராசிரியருக்குப் பாடம் பதினொரு மணித்தியாலம், கொள்கை வகுப்பவருக்கு நாற்பதே நிமிடம். அதனால் கொள்கை வகுப்பவன் ஆனேன். தொண்ணூற்றிரண்டு புள்ளி.

பாடத்தில் ஒரு வரி: 'பேசியவரை அடையாளம் காட்டும் குரல் பதிவுகள், எழுத்தாக்கியபின் அழிக்கப்பட வேண்டும்.' கொள்கை வகுப்பவர் என்றால் இதைக் கீழே இருப்பவருக்குச் சொல்லிவிடுவார். எனக்குக் கீழே யாரும் இல்லை. ஐம்பத்து நாலு பெண்களின் குரலையும் நானே அழித்தேன். பேராசிரியர் கட்டைவிரல் ஒன்று அனுப்பிப் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, அதே தண்ணித்தொட்டிப் பக்கம் நான் நின்றபோது நிஷாந்தி வந்தாள். கட்டாரில் வீட்டுவேலை. இடையில் அவள் அம்மா மீனம்மா இறந்துபோயிருந்தார். சாவுக்கும் லீவு இல்லை, கருமாதிக்கும் இல்லை.

"அண்ணே, எங்கம்மா பேசுனத நீங்க பதிஞ்சீங்களாம்ல. பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா சொன்னாங்க."

"ஆமா. பதினேழு நிமிஷம்."

"அம்மாகிட்ட பட்டன் போனுதான். ஒரு வாய்ஸ்கூட எங்கிட்ட இல்லண்ணே. முதுகுவலியப் பத்தின்னாலும் பரவால்ல, போடுங்க."

அழித்ததைச் சொன்னேன். சான்றிதழ் வாங்கியதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேனோ.

அவள் திட்டவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எழுதுனதாவது இருக்கா?"

இருந்தது. அது உலகத்துக்கே இருந்தது. 'பங்கேற்பாளர் 31' என்று இணையத்தில் தேடினால் நோர்வேக்காரனுக்கும் கிடைக்கும். வாசித்தேன்.

"'காலைல எந்திரிக்கும்போதுதான் தம்பி வலி. கூடைய மாட்டிட்டா மறந்துரும்.' அப்புறம், 'சிரிப்பு'ன்னு போட்டிருக்கு."

"எப்பிடிச் சிரிச்சாங்க? வாயப் பொத்திக்கிட்டா?"

"அத எழுதப் படிவத்துல எடமில்ல, தங்கச்சி."

"அம்மா 'மறந்துரும்'னு சொல்ல மாட்டாங்களே. 'மறந்தே போயிரும் சாமி'ன்னுவாங்க."

"எழுதும்போது நான்தான் சுருக்கிட்டேன்."

"இவ்ளோ மெதுவாவும் பேச மாட்டாங்க. கடகடன்னு வரும். இன்னொருக்கா வாசிங்க."

வேகமாக வாசித்தேன். 'சாமி' சேர்த்து வாசித்தேன். மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும்ணே. ஒங்க கொரல்தான் கேக்குது."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனாள்.

நான் அங்கேயே நின்று அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அன்றைக்குச் சிக்னல் நன்றாக இருந்தது. பக்கம் முழுதாக வந்தது. கொள்கை வகுப்பவருக்குக் கீழே ஐந்தாவதாக ஒருவர்: 'களத்தில் பதிவு செய்பவர்.' பாடம் இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது பகுதியின் முதல் வரி: 'அழிக்குமுன், பேசியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு பிரதி வேண்டுமா என்று கேளுங்கள்.'

உட்கார்ந்து முடித்தேன். நூற்றுக்கு நூறு.