முனி கேட்ட ரொட்டி

எங்கள் தோட்டத்துக் காவல் சாமி முனிக்கு நாக்கு நீளம். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் கவ்வாத்து வேலை தொடங்குமுன் அவருக்குப் படையல் போட்டாக வேண்டும். போடாவிட்டால் கத்தி நம் காலிலேயே பாயும் என்பது நம்பிக்கை. டயகமப் பக்கத்து மற்ற முனிகள் சேவல், சாராயம், சுருட்டு என்று அடங்கிவிடும். எங்களவர் அதற்கு மேல் ஒரு வருசம் டின் மீன் கேட்டார். இன்னொரு வருசம் துரை தின்பது மாதிரி வெண்ணெய் தடவிய பாண் கேட்டார். அடுத்த வருசம் நெத்தலிக் கருவாடு, அதுவும் மொறுமொறுப்பாக. கேட்பது முனி என்றாலும் கேட்ட வாய் சாமியாடி மூக்கனுடையது. கருவாடு கேட்ட வருசம் அவன் காய்ச்சலில் கிடந்து நாக்குச் செத்துப்போய் எழுந்திருந்தான். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பங்கு எனக்கும் வந்ததே.

முனி படையலுக்கு ஆம்பளைகள் மட்டுமே போகலாம். அவர்களே ஆக்கி, அங்கேயே தின்றுவிட வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சேவலை வளர்த்துக் கொடுக்கிற பொம்பளைகளுக்கு எலும்புகூடக் கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் பெரும்பசிக்காரனாகத்தான் இருந்திருப்பான்.

ஐம்பத்தாறாம் வருசம் சேவல் கொடுக்கும் முறை மூக்கன் வீட்டுக்கு வந்தது. அவன் வீட்டில் இருந்ததே ஒரு சேவல்தான். அந்த வாரம் பார்த்து அவன் மகள் அழகம்மாவுக்குத் தலைப்பிரசவம். ரத்தம் நிறையப் போய், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தாள். பால் இறங்காமல் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. கோழிச் சாறு வைத்துக் கொடுத்தால்தான் தேறுவாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில், எனக்கு அடுத்த காம்பிராதான் மூக்கன் வீடு. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அதனால் அந்த வீட்டுச் சண்டையெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"இந்த வருசம் வேற யாராச்சும் சேவல் குடுக்கட்டுங்க. புள்ள சுருண்டு கெடக்கிறா" என்றாள் மூக்கன் பொண்டாட்டி காளியாயி.

"சாமி விசயம். நான் என்னாடி செய்ய?"

"கேக்கிறது உங்க வாய்தானுங்களே?"

"வாய்தான் என்னுது. பேசுறது அவரு. அவரு எறங்கிட்டா என்ன பேசினேன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. சத்தியமா."

"அப்ப அவருகிட்டயே கேட்டுக்கிறேங்க" என்றாள் காளியாயி.

மறுநாள் காலையில் முனிக் கல்லுக்கு முன்னால் கத்திகளை வரிசையாக வைத்தோம். பழனியாண்டிக் கங்காணி சூடம் கொளுத்தினார். தப்புச் சத்தம் ஏறியதும் மூக்கனுக்கு உடம்பு உதறியது. அந்த நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் காளியாயி வந்து நின்றாள். கக்கத்தில் சேவல்.

"பொம்பள வரக் கூடாது!" என்று கங்காணி கத்தினார்.

"நான் மேல வரலிங்க. ரோட்டுலதான் நிக்கிறேன். ரோடு முனிக்குச் சொந்தமா, தொரைக்குச் சொந்தமா?"

அவள் மூக்கனைப் பார்த்தாள்.

"சாமி! ஆடுறது யாரு? என் வீட்டுக்காரரா?"

"நான் முனிடீ!"

"அப்பச் சரி. ஒனக்கு அறிவிருக்கா?"

இருபது வருசத்தில் அவள் புருசனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் சாமியை 'நீ' என்று சொல்லலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

"நீயெல்லாம் ஒரு சாமியா? பச்ச ஒடம்புக்காரி கஞ்சியக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கிறா, ஒனக்குச் சேவல் கேக்குதா? நேத்துப் பொறந்தது தொண்ட வத்திப் போயிக் கத்துதே, ஒன் காதுல விழலியா? நீயே சொல்லு. இது ஒனக்கா, அவளுக்கா? நீ சொன்னா இப்பவே அறுத்துக் குடுத்துட்டுப் போறேன்."

சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு அடித்தவன் கையை நிறுத்திவிட்டான். மூக்கன் கண்ணை மூடியபடி ஆடிக்கொண்டிருந்தான். ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து சேவலைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"எனக்கு... இந்த வருசம் சேவல் வேணாம்டா. தேங்கா ரொட்டி சுட்டுப் போடுங்க. சம்பலோட."

"சாராயம் சாமி?" என்றார் கங்காணி கவலையாக.

"அது வேணும்!"

மாவும் தேங்காயும் கொண்டுவர ஓடினோம். ரொட்டி சுடத் தெரிந்த ஆம்பளை அங்கே ஒருத்தனும் இல்லை. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை மாவு. முனி ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். நாங்கள்தான் மென்று தீர்த்தோம். ஆனால் அந்தக் கவ்வாத்தில் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழவில்லை. முந்தின வருசம் இரண்டு சேவல் அறுத்தும் கங்காணிக்கு முழங்காலில் ஏழு தையல்.

சாயந்திரம் சுவருக்கு மேலே மிளகு போட்ட கோழிச் சாறு மணத்தது. மூக்கன் வீட்டுக்குள் நுழைந்தான்.

"என்னாடி இது, சேவல இங்கயே அடிச்சிட்டியா? சாமி என்னாதான் சொல்லுச்சு? எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

"ஒங்களுக்கு எப்புடிங்க தெரியும்?" காளியாயி குரலில் தேன் ஒழுகியது. "சேவலு அழகம்மாவுக்குன்னு சொல்லிருச்சுங்க."

"ம்ம். நல்ல சாமி. எனக்கும் ஒரு கோப்ப ஊத்து."

"ஐயையோ, ஒரு சொட்டுக்கூட ஆம்பள வாயில படக் கூடாதுன்னுச்சுங்களே."

மூக்கன் இருமினான்.

"அப்புறம், புள்ளைக்கு முப்பது நாள் கழியிற மட்டும் பீலியில தண்ணி புடிச்சித் தூக்கிட்டு வாரது, புள்ளத் துணி அலசுறது, எல்லாம் வீட்டு ஆம்பளதான் செய்யணும்னுச்சுங்க."

நான் சிரிப்புச் சத்தம் வெளியே வராமல் துண்டைக் கடித்துக்கொண்டேன். 'முனி அப்படிச் சொல்லவில்லை' என்று மூக்கன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் சொன்னால் டின் மீனுக்கும், வெண்ணெய்ப் பாணுக்கும், கருவாட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். சுவருக்கு அந்தப் பக்கம் அழகம்மா சாறு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாளிய எங்கடி வச்சிருக்க?" என்றான் மூக்கன்.