பச்சை மூடி டப்பாவுக்கு ஒரு பொட்டு

மோகனாவின் குரல் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் இருந்தது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான். தொண்டையில் வந்த பொல்லாத கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, பேச்சு போயிற்று. சுங்கை பினாங் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் நின்றபடியே கீழே போகும் ரொட்டிக்காரரை அதட்டி நிறுத்தியவள், கையை ஆட்டி ஆட்டிச் சாமான் வாங்குகிறவள் ஆனாள்.

மகள் சாந்தினி கம்ப்யூட்டர் படித்தவள். உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். ஒரே ஒரு பச்சைத் தகடு, நடுவில் ஒரு சிப்பு, ஓரத்தில் நாலு ஓட்டை, அவ்வளவுதான். அம்மாவின் பழைய குரலை அதற்குப் பழக்கிவிட்டால், அம்மா கைப்பேசியில் தட்டுவதை எல்லாம் அது அம்மாவைப் போலவே பேசும் என்றாள். பழைய குரலுக்கு எங்கே போவது? கணவர் லோகேஸ்வரன் தன் கைப்பேசியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஓட்டும்போது படிக்க முடியாதே என்று மோகனா எப்போதும் அவருக்குப் பேசித்தான் அனுப்புவாள். வருடக்கணக்கில் அனுப்பியதில் ஒன்றைக்கூட மனிதர் அழிக்கவில்லை. "ஏங்க, பாசார்ல கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க." "ஏங்க, மழை வருது, மெதுவா வாங்க." "எங்க இருக்கீங்க? சோறு ஆறுது, சீக்கிரம் வாங்க." எல்லாம் இந்த லட்சணம்தான், காதல் வசனம் மருந்துக்கும் கிடையாது. அதனால் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரும், கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்த புருஷனைக் கேட்கிற தொனியில்தான் எதையும் சொன்னது. வணக்கம் சொன்னால்கூட மிரட்டுகிற மாதிரி இருந்தது. இருந்தால் என்ன, அது அவள் குரல். முதல் நாள் அது "ஏங்க" என்று கூப்பிட்டதும், வேன் சாவியைத் தேடப் போவதாகச் சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் லோகேஸ்வரன். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வியாதி, சூடு. பேசப் பேசக் கொதிக்கும். பினாங்கு வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கே மண்டை காய்கிறது, அதைச் சொல்லி என்ன குற்றம்? எண்பது டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாகிவிடும், பேச்சு விக்கும். அதற்கும் மேலே போனால் படுத்துவிடும். சாந்தினி அந்தச் சிப்பின் தலையில் பற்பசை மாதிரி ஒரு வெள்ளைப் பசையைத் துளி தடவினாள். அதன் மேல் சீப்பு போலப் பல் பல்லாக இருந்த அலுமினியத் துண்டை வைத்து முடுக்கினாள்.

"இந்தப் பசைதான்மா முக்கியம். நடுவுல காத்து நின்னா சூடு சீப்புக்கு ஏறாது, உள்ளயே கெடந்து வேகும்" என்றாள்.

மோகனா தலையாட்டினாள். லோகேஸ்வரன் அப்போது வாசலில் டப்பாவுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார், அந்தக் கிரீச் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய குட்டி விசிறியை மூடியில் பொருத்தினார். தோளில் மாட்ட, வேனின் பழைய சீட் பெல்ட்டை வெட்டி வார் தைத்தார். டப்பா ஜோராகப் பேசியது. பக்கத்து வீட்டு நூர் பீவி, "மோகனா திரும்பி வந்துட்டா லா, இனி நமக்குத் தூக்கம் போச்சு" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இந்த டப்பா வருவதற்கு முன்னால் ஒரு விஷயம் நடந்திருந்தது. பாகான் டாலாமிலிருந்து மாப்பிள்ளைப் பையன் ஷர்வின் வீட்டார் சாந்தினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மோகனா வாசலில் கைகூப்பி நின்றாள், வேறென்ன செய்வாள்? திரும்பிப் போகும்போது, விவரம் தெரியாத ஓர் அத்தை படியில் இறங்கிக்கொண்டே, "பொண்ணோட அம்மா வாயத் தொறந்து வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?" என்றாள். பையனின் அம்மா ஜெயலெட்சுமி, சும்மா இரு என்பதுபோல் அந்த அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினாள். மோகனாவுக்குப் போனது குரல்தான், காது நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வந்தவர்களை வாய் நிறைய வாங்க என்று கூப்பிடாத வீடு ஒரு வீடா? அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எதிரி வந்தால்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவர்களை என் குரலால் கூப்பிடாமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி முடிகிற சமயம் ஆயுத பூசை வந்தது. லோகேஸ்வரன் வேனைக் கழுவிக் குளிப்பாட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தையல் மெஷின், மிக்சி, சுத்தியல் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பச்சை மூடி டப்பாவும் அந்த வரிசையில் சாமி முன்னால் உட்கார்ந்தது. மோகனா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தபோது, கற்பூரம் அணைந்த பிறகும் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது.

அந்த வாரமே டப்பாவுக்குச் சனி பிடித்தது. நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் விக்கியது. "ஏங்க... சா... ப்பி..." என்று இழுத்து, அப்படியே அடங்கிவிடும். மூடியில் கை வைத்தால் சுட்டது. சாந்தினி உள்ளே ஓடுகிற புரோகிராமை எல்லாம் தன் மடிக்கணினியிலிருந்தே பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான்பா இருக்கு, ஏன் இப்படிக் கொதிக்குதுன்னு தெரியல" என்றாள். திறந்து பார்க்கிறேன் என்றால் லோகேஸ்வரன் விடவில்லை.

"தொடாத! வயரு கியரு அந்துச்சுன்னா? நிச்சயத்துக்கு நாளு கெடக்கா? நான் வெளியிலயே பாத்துக்கறேன்."

வெளியிலேயே என்றால் சும்மாவா பார்த்தார்! மூடியில் இன்னும் பத்துத் துளை போட்டார், டப்பா இடியாப்ப அச்சு மாதிரி ஆயிற்று. இரண்டாவது விசிறி வைத்தார், அது கொசுக் கூட்டம் போல ரீங்காரம் போட்டதில் பேச்சே கேட்கவில்லை. பால் வாங்கி வரும் ஐஸ் பையை அடியில் கட்டினார், டப்பாவுக்குள் வேர்த்து நீர் கோத்ததைப் பார்த்துச் சாந்தினி அலறிய அலறலில் அதைப் பிடுங்கி எறிந்தார். சூடு மேலேதானே போகும் என்று டப்பாவைச் செங்குத்தாக நிறுத்தி, தலையில் அட்டைக் குழாய் ஒன்றைச் சொருகினார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற மோகனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "போனுலயே வேற குரல் இருக்கேம்மா" என்றாள் சாந்தினி. அது செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். மோகனா வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பழைய பதிவு ஒன்றைப் போட்டுவிடலாமா என்றதற்கு, கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: அவங்க ஏதாச்சும் கேட்டா, ரேடியோவா பதில் சொல்லும்?

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு நிச்சயதார்த்தம். காலையில் பட்டுப்புடவை கட்டி முடித்து, மோகனா டப்பாவைச் சோதித்துப் பார்த்தாள். "வா..." என்றது. அவ்வளவுதான், படுத்துவிட்டது. லோகேஸ்வரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கார்களுக்கு இடம் பிடிக்கக் கீழே இறங்கிப் போனார். சாந்தினி உள் அறையில் அலங்காரக்காரப் பெண்ணின் கையில் சிக்கியிருந்தாள்.

போதும்டா சாமி என்று வந்தது மோகனாவுக்கு. தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். கட்டிலில் துண்டை விரித்து, டப்பாவைத் திறந்தாள். அந்த அலுமினியச் சீப்பின் திருகுகளைக் கழற்றித் தூக்கினாள்.

உள்ளே வெள்ளைப் பசையைக் காணோம். சிப்பின் தலையில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு.

மோகனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூசைக்குத் துடைக்கிறேன் என்று ஆரம்பித்த மனிதர், அந்தப் பசையையும் அழுக்கு என்று நினைத்துச் சுத்தமாக வழித்து எடுத்திருக்கிறார். மூடியில் வைத்தால் போதாது, பேசுகிற இடத்திலேயே வைக்க வேண்டும் என்று தேடிப் பிடித்துப் பொட்டு வைத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து வெடிக்க, இடுக்கெல்லாம் காற்று நிற்க, சூடு போகிற வழி அடைத்துக்கொண்டது. அட என் கிறுக்கு மனுஷா! அவள் சிரித்தாள், சத்தமில்லாமல் உடம்பு முழுக்கக் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தபோதே கண்ணில் நீர் கொட்டியது. கற்பூரம் அணைந்த பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றது எதற்கு என்று இப்போது தெரிந்தது. வேனுக்காக அவர் என்றைக்கும் அவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டதில்லை.

அழுதுகொண்டிருக்க நேரம் ஏது? மருந்துப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, சந்தனத்தை இதமாகத் துடைத்தாள். குங்குமம் பட்ட பஞ்சைக் குப்பையில் போட மனசு வரவில்லை, சாமி மேடையின் ஓரத்தில் வைத்தாள். சாந்தினி மிச்சம் வைத்த பசைக் குழாய், ரப்பர் பேண்ட் சுற்றி அதே இழுப்பறையில்தான் கிடந்தது. ஒரு துளி. சீப்பை வைத்து அழுத்தி முடுக்கினாள். அட்டைக் குழாயையும் இரண்டாவது விசிறியையும் பிடுங்கி எறிந்தாள். மூடியைப் போட்டபின், சாமி மேடையிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து, பச்சை மூடியின் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

சோதித்துப் பார்ப்பதற்குள் படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. லிப்ட் வழக்கம்போலக் கழுத்தறுத்திருந்தது. எல்லாரும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜெயலெட்சுமி, பின்னால் அந்த அத்தை, ஷர்வின், உறவுக்காரர்கள். அவர்கள் எல்லாருக்கும் பின்னால், அவர்கள் கையிலிருந்த தட்டுகளில் கனமான இரண்டைத் தான் வாங்கிச் சுமந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி லோகேஸ்வரன். மேலே என்ன நடக்கப் போகிறது என்று பார்க்கத் தெம்பில்லாமல்தான் அவர் கடைசியில் வந்தார்.

மோகனா வாசலில் வந்து நின்றாள். கைப்பேசியை எடுத்தாள். தட்டினாள்.

"வாங்க" என்றது டப்பா. விக்கவில்லை, இழுக்கவில்லை. ஐந்தாவது மாடியிலிருந்து ரொட்டிக்காரரை நிறுத்துகிற அதே குரல், படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "வாங்க, வாங்க. சீக்கிரம் உள்ள வாங்க."

ஜெயலெட்சுமி படியிலேயே நின்றுவிட்டாள். ஆனால் கீழே ஒரு மனிதர் நிற்கவில்லை. "தோ வந்துட்டேன் மோனா!" என்று பதில் கொடுத்துக்கொண்டு, தட்டும் கையுமாக, சம்பந்தி வீட்டாரை எல்லாம் விலக்கி, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார் லோகேஸ்வரன். அந்த வார்த்தைக்கு இத்தனை வருஷமும் ஓடி வந்த கால், இன்றைக்கு அது தனக்கில்லை என்று யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு படியில் இறங்கிப் போயிற்று.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. என்னத்தான் கூப்புட்டான்னு..." என்றார்.  முகம் கோணிக்கொண்டு வந்தது.

ஜெயலெட்சுமி ஏறி வந்து மோகனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டோம் சம்பந்தி. வாய் நெறையக் கூப்புட்டீங்க, வந்துட்டோம்" என்றாள். அந்த அத்தை உருண்ட ஆப்பிளைப் பொறுக்கி, புடவையில் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, மோகனாவை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு நின்றாள். "நீங்களும் வாங்கக்கா, தண்ணி குடிங்க" என்றது டப்பா, அதட்டலாக.

தாம்பூலம் மாற்றி, பந்தி போட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, லோகேஸ்வரன் அடுப்படிப் பக்கம் மோகனாவைத் தனியாகப் பிடித்தார். டப்பா மூடியைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பொட்டையும் பார்த்தார். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல மோனா" என்றார் தணிந்த குரலில். "பூசையன்னைக்கி உள்ளாறத் தொறந்து, பேசுற எடத்துலயே சந்தனப் பொட்டு வச்சேன். வேண்டிக்கிட்டேன். இத்தன நாளு சோதிச்சாலும், நேரத்துக்குச் சாமி கைவிடல பாத்தியா?"

மோகனா அவரைப் பார்த்தாள்.  பிறகு தட்டினாள்.

"ஆமாங்க" என்றது டப்பா. "அடுத்த வருஷத்துலேருந்து நானே வைக்கிறேன். நீங்க தொறக்காதீங்க. பாயசம் பத்தல, ஓடிப்போயி எடுத்துட்டு வாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயச வாளியை எடுக்க ஓடினார்.