இடப்பக்கப் பாறை

போன மாதம் மார்க்கெட்டுக்குப் போன மனுஷன், வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றினார். அன்றைக்கே கார் சாவி மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. அவருடைய அண்ணனுக்கும் இந்த வயசில்தான் இந்த மறதி ஆரம்பித்தது, கடைசியில் பெற்ற பிள்ளையையே "நீ யாருப்பா?" என்று கேட்டார். அதனால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் மட்டும் பயம் போய்விடுமா என்ன?

அவர் காலமெல்லாம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். வருஷா வருஷம் ஒரே காலண்டர் படம்: பனிமலை, அதன் அடியில் பச்சை ஏரி. சாவதற்குள் அதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். மனைவி டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். மலைப்பாதையெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "கிளம்புங்க" என்றுவிட்டாள்.

வழியெல்லாம் வளைவுக்கு ஒரு ஏரி. அவர் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"காலண்டர் ஏரியில இடது பக்கம் பிளந்த பாறை ஒண்ணு இருக்கும். வலது கரையில சாஞ்ச மரம் ரெண்டு. நான் சொன்னபடி இருந்தா சாவியைக் குடுத்துடணும்."

"இல்லேன்னா?"

"டாக்டர்கிட்ட வர்றேன்."

வண்டி போகும் பாதை முடிந்த இடத்தில் இறங்கி, மரங்களுக்கு நடுவே ஏறினார்கள். ஒரு மேடு தாண்டியதும் ஏரி எதிரே கிடந்தது. அதே பச்சை, அதே மலை.

பாறை வலது பக்கம் இருந்தது. மரங்கள் இடது பக்கம்.

அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அக்கரையிலிருந்து எடுத்த படமோ? அங்கே போனால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடுமே. எது இடது, எது வலது? சோறு தின்கிற கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அதுவும் சந்தேகமாக இருந்தது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "வாங்க, வந்ததுக்கு ஒரு படம் எடுத்துக்கலாம்" என்று ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்தி, போனை நீட்டினாள். திரையில் இரண்டு வாடிய முகங்கள். பின்னால், இடது பக்கம், பிளந்த பாறை.

"அசையாதே" என்றார்.

திரும்பி ஏரியைப் பார்த்தார். வலது. திரையைப் பார்த்தார். இடது. அப்புறம்தான் உறைத்தது.

"இது கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டுதுடி. அச்சகத்துலயும் எவனோ பிலிமைப் புரட்டிப் போட்டுப் பிளேட் எடுத்திருக்கான். படத்துல எழுத்து இருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வெறும் ஏரிதானே, யார் கண்டா? அத்தனை வருஷமும் தப்பாவே அடிச்சுத் தள்ளியிருக்கோம். படம்தான் தப்பு, நான் இல்ல!"

சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கைப்பையைத் திறந்து சாவியைக் கொடுத்தாள்.

இறக்கம் முழுக்க அவர்தான் ஓட்டினார், ராஜா மாதிரி. அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வண்டி நின்றது.

"காலையில எந்தப் பக்கமிருந்து வந்தோம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அட, எனக்கும் மறந்துபோச்சுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

என்றைக்கோ ஒருதரம் போன சந்துபொந்தைக்கூட மறக்காதவள் அவள். நிஜமாகவே மறந்துவிட்டாளா? அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் திரும்பவில்லை.

"டாக்டர்கிட்ட போவோம்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் திருப்புங்க" என்றாள்.