ஹெல்சிங்கியிலிருந்து அஞ்சு நிமிஷம்

எனக்குப் பொறுமை கிடையாது. மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே விமான டிக்கெட் புக்கிங்கும் ஐ.எஸ்.டி. பூத்தும் வைத்திருப்பவனுக்கு அது கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். ஆனால் ஞானம்மாள் அக்கா வந்தால் மட்டும் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிடுவேன். ஓட்டலில் இருபது வருஷம் போர்வை துவைத்துப் பிள்ளைகள் இரண்டையும் இன்ஜினியராக்கியவர். மகன் பெஞ்சமின் பின்லாந்தில், ஹெல்சிங்கியில். மகள் ஜெனிட்டா சுவீடனில், ஸ்டாக்ஹோமில். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அண்ணன் தங்கையோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.

2004 மே மாதம், ஜெனிட்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்காவுக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

"நான்தான் போவ முடியல. நம்ம பக்கம் தாய்மாமனாவது நிக்க வேணாமா? ரெண்டு ஊருக்கும் எவ்ளோ தூரம் கீதுன்னு பாத்து சொல்லு சீனு."

விமான நேரத்தைத் தேடி எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்தார்.

"நாலு அஞ்சுக்குக் கெளம்பி நாலு பத்துக்குப் போவுது. அஞ்சு நிமிசம்."

நானூறு கிலோமீட்டர், பறக்க ஒரு மணி நேரம் ஆகும், ஸ்டாக்ஹோம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பூத்துக்குள் போய்விட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கடை முழுக்கக் கேட்கும்.

"செங்கல்பட்டு போறதுக்கே ஒரு மணி நேரம் பஸ்ல நின்னுகினு போறேன். உன் தங்கச்சி அஞ்சு நிமிசத்துல கீறா. மூணு வருசமா உனக்கு அந்த அஞ்சு நிமிசம் கெடைக்கலயா?"

"யம்மா, அஞ்சு நிமிசம் இல்லம்மா. அங்க டைம் வேற. பக்கத்துல சீனு அண்ணாத்த கீறாரா? அவரக் கேளு."

அக்கா என்னைப் பார்த்தார். அந்த முகத்திடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெஞ்சமின் மேல் கோபம்தான் வந்தது. படித்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல மட்டும் தெரிகிறது.

"அஞ்சு நிமிசம்தாம்பா. பேப்பர்ல கீது," என்றேன்.

ஸ்பீக்கரில் அவன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ என்னப் பத்தி கேட்டாளா?" என்றான்.

"டெய்லி கேக்குறா," என்றார் அக்கா.

அவன் போனை வைத்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு பேஜாராகவே இருந்தது. ஊரான் வீட்டு விஷயத்தில் பொய் சொல்ல நான் யார் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வந்து நின்றார். நானே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

"போனியா?"

"போனேம்மா. கோயில்ல கொழந்தய நான்தான் கையில வச்சிகினு நின்னேன். என் வெரல வுடவே இல்ல."

"ஜெனி?"

"கட்டிகினு அழுதா. நானுந்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "போறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டார். மாட்டினேன் என்று நினைத்தேன்.

"நீ சொன்ன மாதிரி அஞ்சு நிமிசந்தாம்மா. திரும்பி வரத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு."

கடிகாரப்படி அதுவும் சரிதான். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கூடிவிடும். இந்த முறையாவது அக்காவுக்கு விளக்கிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"தங்கச்சிய வுட்டுட்டு வர்றான் இல்ல," என்றார் அக்கா. "ஆவாதா பின்ன?"