சனிக்கிழமை அவளுடையது, ஞாயிறு அவனுடையது

மைசூர் விஜயநகர் வீட்டுக்குக் குடிவந்த வருடமே மகேஸ்வரிக்கும் காளிதாஸுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது. சனிக்கிழமை அவளுடையது, ஞாயிறு அவனுடையது. அவளோடு ஊதுபத்திக் கம்பெனியில் வேலை செய்பவர்கள், அவள் பக்கத்துச் சொந்தங்கள், யார் வீட்டு விசேஷமானாலும் சனிக்கிழமைக்குள் அடங்க வேண்டும். கொள்ளேகால், ஹனூர், மார்டள்ளி என்று பரந்து கிடந்த அவனுடைய ஆட்களுக்கு ஞாயிறு. ஒருவர் நாளில் மற்றவர் முணுமுணுக்காமல் கூட வர வேண்டும். நான்கு வயது பரத்தையும் ஏழு மாதம் முடிந்திருந்த மனிஷாவையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா உங்க வீட்டுப் பூட்டு முகத்துலதான் நான் முழிக்கிறேன்" என்பாள் பக்கத்து வீட்டு மல்லம்மா, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக. வாரநாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "இந்தக் கூசுக்கு வீடு எது, பஸ் ஸ்டாண்டு எதுன்னே தெரியாமப் போகப் போகுது, பாரு." கூசு என்றால் கைக்குழந்தை. மகேஸ்வரி சிரித்துக்கொண்டே பாட்டிலில் வெந்நீர் நிரப்புவாள்.

1996 ஜூலை இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தபோது காளிதாஸின் முகம் சரியில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரியான தேவம்மாவின் மகளுக்கு நஞ்சன்கூட்டில் ரிசப்ஷன். மகேஸ்வரி ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். போனார்கள். பரத் இரண்டு கப் ஐஸ்கிரீம் தின்றான். மனிஷா சரிகை பார்டர் வைத்த கவுனில் கை மாறி கை மாறி மண்டபத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திரும்பும் பஸ்ஸில் குழந்தை அவள் மடியில் துவண்டு தூங்கியது.

"நாளைக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன். காலைல அஞ்சரை பஸ்ஸு, நாலு மணி நேரம். பாப்பா தாங்குமா?"

"இன்னிக்கு நான் வந்தேனில்ல? தேவம்மா யாரு எனக்கு? அவங்க வீட்டு மாப்பிள்ளைக்குக் கை குடுத்து இளிச்சிக்கிட்டு நின்னேனில்ல?" அவன் குரல் சட்டென்று ஏறியது. "என் தங்கச்சி பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் நான். என் பொண்டாட்டி புள்ளைங்க இல்லாம நான் மட்டும் போய் உக்காந்தா சொந்தக்காரன் என்ன பேசுவான்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் மறுநாளைக்கான பையைக் கட்டினாள்.

ஹனூர் தாண்டியதும் செக்போஸ்டில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் துழாவினார்கள். அந்த வருடங்களில் அந்தக் காட்டுப்பாதையில் பொழுது சாய்ந்தபின் பஸ் ஓடாது. மார்டள்ளியில் இறங்கும்போது மணி பத்து ஆகியிருந்தது. காளிதாஸின் தங்கை ராணி வாசலுக்கு ஓடிவந்தவள், அண்ணனைப் பார்த்துவிட்டு அண்ணியின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். வாங்க என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

ராணியின் மூத்த மகள் தமிழ்ப்ரியா, ஆறு வயதுப் பெண், அத்தை வந்தால் தெருமுனைக்கே வந்து நிற்பவள், அன்று காணோம். உள்ளறையில் படுத்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை.

"என்ன சாமி, எந்திரிச்சு வரலியா?"

"அம்மா வெளிய வரக்கூடாதுன்னுச்சு. பாப்பாவைக் குடுங்கத்தே."

மகேஸ்வரி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். மனிஷா அந்தப் பெண்ணின் மூக்கைப் பிடித்து இழுத்தது. இருவரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். தமிழ்ப்ரியாவின் உடம்பு சுட்டது. இருட்டுக்குக் கண் பழகியபோது, அவளுடைய கழுத்திலும் காதோரத்திலும் பொரிப்பொரியாகத் தெரிந்தது.

"இது என்ன ராணி, கழுத்தெல்லாம்?"

கதவருகில் நின்ற ராணி வாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து காளிதாஸின் குரல் வந்தது. "வேக்குரு. வெயில்ல ஆட்டுக்குட்டியாட்டம் சுத்துனா வேக்குரு வராம மல்லிப்பூவா பூக்கும்?"

பந்தல் வேலைக்கு வந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ராணி சிரிக்கவில்லை. மகேஸ்வரி அதைக் கவனித்தாள். ஆனால் சொன்னது காளிதாஸ். அவன் சொன்னதைச் சரிபார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. அரை மணி நேரம் கழித்து, போட்டோவுக்கு என்று கூப்பிட்டபோதுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காது குத்து நன்றாக நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்த கவின்ராஜ், ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமன் விரலைக் கடித்துவிட்டான். காளிதாஸ் அலறிய அலறலில் ராணியின் கணவன் சித்தையன், "மச்சான், காது எம்பையனுது, சத்தம் மட்டும் உங்களுதா?" என்றான். பந்தல் குலுங்கியது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

பத்தாம் நாள் பரத்துக்குக் காய்ச்சல். அடுத்த நாள் மனிஷாவுக்கு. கண் சிவந்து நீர் வடிந்தது, இருமல். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேருக்கும் காதுக்குப் பின்னால் பொரி கிளம்பி முகத்துக்கு இறங்கியது. மல்லம்மா வந்து பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "அம்மா வந்திருக்கா" என்றாள். உடனேயே, "அம்மா வந்தா வரட்டும். நீ டாக்டர்கிட்டப் போ. கூசு மூச்சு வாங்குற தினுசு எனக்குப் பிடிக்கல" என்றாள்.

டாக்டர் இரண்டு குழந்தைகளையும் பார்த்தார். தட்டம்மை. பெரியவனுக்கு ஒன்பதாம் மாதம் தடுப்பூசி போட்டிருந்ததால் லேசாகப் போய்விடும் என்றார். சின்னதற்கு இன்னும் ஊசி போடும் வயதே ஆகவில்லை. அதன் மார்பில் குழலை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"பத்துப் பதினஞ்சு நாளுக்கு முன்னால வெளியூர் எங்கயாவது போனீங்களா? அங்க எந்தக் குழந்தைக்காவது அம்மை இருந்துதா?"

"இல்ல சார். அப்படி யாருக்கும் இல்ல" என்றான் காளிதாஸ்.

மகேஸ்வரிதான் சொன்னாள். "நஞ்சன்கூட்டுக்கு ஒரு ரிசப்ஷனுக்குப் போனோம் டாக்டர். நிறையக் குழந்தைங்க வந்திருந்தாங்க. எல்லாரும் பாப்பாவைத் தூக்கினாங்க."

"கல்யாண மண்டபமா, வேற என்ன வேணும்" என்று அவர் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சொன்னார்: "இன்னாருக்கு இருந்துதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு, ஒரு ஆறு நாளுக்குள்ள தூக்கிட்டு வந்திருந்தா ஒரு ஊசி இருக்கு, போட்டுப் பாத்திருக்கலாம். தெரியாததுக்கு யாரு என்ன செய்ய முடியும்."

காளிதாஸ் அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆறு நாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, நர்ஸ் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது, மனிஷாவின் மூச்சு நின்றது. மகேஸ்வரியின் சுண்டுவிரல் அதன் கைக்குள் இருந்தது. அந்தப் பிடி தளர்ந்ததை அவள்தான் முதலில் அறிந்தாள். நர்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும் என்று சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் காரணமும் கேட்டார்கள். காரணம் தயாராக இருந்தது. கொள்ளேகாலில் இருந்து வந்த காளிதாஸின் பெரியம்மா ரங்கம்மா கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கூட வேலை பாக்கறவ வீட்டுக் கல்யாணமாம். பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு ஐஸ்கிரீம் திங்கப் போனாளாம். நம்ம வீட்டுல எங்க இருக்குது இந்தப் பழக்கம்?" மகேஸ்வரியும் அதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவம்மா பார்க்க வந்தபோது அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மகேஸ்வரியால் முடியவில்லை.

காளிதாஸ் மட்டும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்வான். தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைப்பான். ஒருநாள் அவள் தாங்க முடியாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "என் சனிக்கிழமைதாங்க கொன்னுருச்சு. நீங்க என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க" என்று அழுதாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தி, "விடு, நம்ம தலையெழுத்து" என்றான். எவ்வளவு பெரிய மனது என்று அவள் நினைத்தாள். அந்த மூன்று வாரமும் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் ராணி தனியாக மைசூர் வந்தாள். காளிதாஸ் வேலைக்குப் போயிருந்தான். மகேஸ்வரி இன்னும் கம்பெனிக்குத் திரும்பியிருக்கவில்லை.

"அண்ணன் எப்ப வருமுங்கண்ணி?"

"மூணு மணிக்கு. என்ன ராணி, சொல்லாமக் கொள்ளாம?"

"செவ்வாக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன். அண்ணன் முடிஞ்சு வெச்ச காசு எங்க சாமி படத்துலயே தொங்குது. அதைச் செலுத்திப்போடணும். இன்னும் போட்டு வெச்சா ஆத்தா பரத்தையும்..." ராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன காசு?"

"காது குத்து அன்னிக்கு முடிஞ்சதுங்க. நீங்க பந்தியில இருந்தீங்க. எங்குழந்தைகளைத் தொடாத தாயேன்னு மஞ்சத்துணியில முடிஞ்சுதுங்களே."

மகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். "எங்க குழந்தைங்களுக்கு அன்னிக்கு என்ன, ராணி? நல்லாத்தானே இருந்தாங்க?"

ராணி அவளையே பார்த்தாள்.

"அண்ணி, தமிழ்ப்ரியாவுக்கு ஆத்தா வந்திருந்தது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மகேஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் வெள்ளிக்கிழமையே ஃபேக்டரிக்குப் போன் போட்டுச் சொன்னனுங்க. ஆத்தா வந்திருக்கா, வீட்டுல விசேஷம் ஆகாது, தள்ளி வெச்சுக்கலாம்னு அழுதேன். அண்ணன்தான், செவ்வாக்கிழமை ஆடி பொறந்துரும், ஆவணில எனக்கு ஒரு ஞாயிறும் காலி இல்ல, சொந்தமெல்லாம் கூப்பிட்டாச்சுன்னு கோவிச்சுக்கிச்சு. வாசல் நெலவுல கட்டியிருந்த வேப்பலையை அவுத்துப்போடச் சொன்னதும் அண்ணன்தானுங்க. நீங்களும் சம்மதிச்சுத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். நீங்க பாப்பாவை அவ மடியில வெச்சப்ப சொல்ல வந்தனுங்க அண்ணி. அண்ணன் முந்திக்கிச்சு."

மகேஸ்வரி ராணியின் மீது கோபப்பட முயன்றாள். வரவில்லை. கோபம் போக வேண்டிய இடம் மூன்று மணிக்கு வந்தது.

காளிதாஸ் செருப்பைக் கழற்றும்போதே தங்கையின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"வேக்குருன்னீங்களே" என்றாள் மகேஸ்வரி.

"உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே."

"ஆமா. வந்திருக்க மாட்டேன்."

அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "எல்லாருக்குமா ஒட்டுது? எத்தனை குழந்தைங்க அன்னிக்கு வந்துச்சு. வேண்டிக்கிட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"வேண்டிக்கிட்டீங்க. டாக்டர் கேட்டப்ப? ஆறு நாளுன்னு அவர் சொன்னப்ப?"

"அதுக்குள்ள பதினாலு நாள் ஆயிருச்சே. சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அந்த ஆறு நாளும் நீங்க இந்த வீட்லதானே இருந்தீங்க? பாப்பாவைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாசல்ல காக்கா காட்டிக்கிட்டு இருந்தீங்களே?"

அவன் கழற்றிய செருப்பைக் காலால் சுவரோரம் தள்ளினான்.

"எல்லாரும் என்னைக் கொலைகாரியாட்டம் பேசுனப்ப?"

"நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?" என்றான். உண்மையிலேயே அது தன் பக்கத்து நியாயம் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ முடிந்தது. குழந்தை செத்தபோதுகூட அப்படி இல்லை. இவன் காலையா பிடித்து அழுதோம் என்று உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. "ரங்கம்மா பெரியம்மாகிட்ட நீங்களே சொல்லணும். எங்கிருந்து வந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது" என்றாள்.

"சொல்றேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவனும் ராணியும் கோயிலுக்குப் போனார்கள். அவள் போகவில்லை. கொள்ளேகால் வழியாகத்தான் போனான், வந்தான். பெரியம்மா வீட்டில் சாப்பிட்டதாகவும் சொன்னான். "சொன்னீங்களா?" என்று கேட்டாள். கூட்டமாக இருந்தது என்றான்.

அதற்கு அடுத்த வாரம் கொள்ளேகாலில் ஒரு கல்யாணம், ரங்கம்மாவின் பேத்திக்கு. மகேஸ்வரி வரமாட்டாள் என்று காளிதாஸ் நினைத்திருந்தான். அவள் பரத்துக்குச் சட்டை மாட்டி, தானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள்.

பந்தியில் பரத் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். விசாரித்துக்கொண்டே இலை இலையாக வந்த ரங்கம்மா, அவளுக்கு எதிரில் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வதுபோல், "இந்தப் புள்ளையாவது மிஞ்சுச்சே. நஞ்சன்கூட்டு ரிசப்ஷன் ஒண்ணை வாரிக்கிட்டுப் போயிருச்சு" என்றாள்.

மகேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். அவன் குழியை இன்னும் ஆழமாகப் பறித்தான்.

"நஞ்சன்கூடு இல்லீங்க பெரியம்மா" என்றாள் மகேஸ்வரி. குரலை உயர்த்தவில்லை, ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. "மார்டள்ளி. ராணி மகளுக்கு அம்மை போட்டிருந்தது. இவருக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும். விசேஷம் நிக்கக்கூடாதுன்னு மறைச்சுக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் கேட்டப்பவும் இல்லேன்னாரு."

ரசம் ஊற்ற வந்தவன் வாளியோடு நின்றான். ரங்கம்மா காளிதாஸைப் பார்த்தாள். வரிசையே பார்த்தது. அவன் கையை உதறிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இதைப் பந்தியில வெச்சுத்தான் சொல்லணுமா?"

"வீட்ல வெச்சும்தான் நீங்க சொல்லல" என்றாள் மகேஸ்வரி.