ஏறுவதற்கு முன் ஒரு சிரிப்பு

சலவைக்கூடத்து உருளை இடது உள்ளங்கையைச் சுட்டிருக்காவிட்டால் அவளுக்கு விஷயமே தெரிந்திருக்காது. படுக்கை விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் மடிப்பில்லாமல் துப்பும் இயந்திரம் அது. பதினாறு வருடமாக அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நிமிடம் வேறு எதையோ நினைத்துவிட்டாள். கட்டுப் போட்டு, பத்து நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு, கட்டிலில் இருந்த அம்மா எட்டி ரேடியோவை முழுச் சத்தத்துக்குத் திருகினாள். யாரோ சந்தை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"காது மந்தமாயிடுச்சாம்மா?"

"இல்ல. பத்து மணி."

பத்து மணிக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் அதைத் தணித்தாள். ஜன்னலுக்குக் கீழே, பழைய படித்துறைச் சந்தில், நிறையக் கால்களின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். முப்பது பேர், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக. நடுவில் ஒரு மஞ்சள் குடை, விரிக்காமல், கம்பு போல நிமிர்ந்து நின்றது. அதைப் பிடித்திருந்தவன் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுபவன். பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். இப்போது ஊரில் எல்லோருக்கும் அவன் குடைக்காரன்.

"இடது பக்கம் பாருங்க. தண்ணிக்கு மேல துருப்பிடிச்ச குழாய் ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குதே, அது எங்க ஊர்ப் பயணிகள் படகு. இருபத்து மூணு வருஷமா அங்கதான் நிறுத்தி வச்சிருக்கோம். ஓட்டினவரு ஒரு கையில சுக்கான், ஒரு கையில சீசா. எந்தக் கை ஜெயிச்சுதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

முப்பது பேரும் சிரித்தார்கள். குறுகலான சந்து. சிரிப்பு சுவரில் ஏறி நேராக அறைக்குள் வந்தது.

"சரி, சிரிச்சாச்சா? வாங்க, கலங்கரை விளக்கம். நூத்தி அறுபத்தெட்டே படி."

கால்கள் நகர்ந்தன. அவள் ஜன்னலைச் சாத்தினாள். படகை ஓட்டியவர் அவளுடைய அப்பா.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள் அம்மா. "உன் லீவு நாளான திங்கக்கிழமை தவிர, காலையில பத்து, சாயந்திரம் நாலு. மாத்திரை மாதிரி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா என்ன கிழிச்சிருப்ப? சண்டைக்குப் போயிருப்ப. அவன் மறுநாள் இன்னும் நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லியிருப்பான். எனக்கு ரேடியோ போதும்."

அம்மாவின் முட்டி இரண்டும் போய் ஏழு வருடம். அந்த அறையை விட்டு அவளால் எழுந்து போக முடியாது. மகள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அம்மா இங்கே உட்கார்ந்து, நாளைக்கு இரண்டு தடவை, தன் புருஷனைக் குடிகாரனாகக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் சுங்க மாளிகை வாசலுக்குப் போனாள். நடை அங்கேதான் தொடங்கும். குடைக்காரன் சீட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வாங்க. கையில என்ன கட்டு?"

"கையை விடு. எங்கப்பாவ வச்சு ஏதோ சொல்றியாமே."

அவன் முகம் ஒன்றும் மாறவில்லை. "யாரு பேரையும் நான் சொல்றதில்லையேக்கா."

"ஓட்டினவருன்னு சொல்றியே. எத்தனை பேரு ஓட்டினாங்க அதை?"

"அக்கா, இது தொழில் விஷயம், கேளுங்க." அவளைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனான். "அஞ்சு நிறுத்தம் முடிஞ்சு ஆறாவதுக்கு வரப்ப எல்லாருக்கும் காலு விட்டுப் போயிருக்கும். அடுத்தது கலங்கரை விளக்கம். நூத்தி அறுபத்தெட்டு படின்னு சொன்னதும் பாதிப் பேரு கல்லு மேல குந்திடுவாங்க. குந்தினவங்க ஊருக்குப் போயி, 'பரவாயில்ல, சுமார்'னு எழுதுவாங்க. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சிரிப்பு சிரிச்சாங்கன்னா மூச்சு வந்துரும், ஏறிடுவாங்க. அவ்வளவுதான். அப்பா மேல எனக்கென்ன கோவம்? சின்ன வயசுல என்னைச் சும்மாவே அக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"வேற சிரிப்பு இல்லையா உன்கிட்ட?"

"நாலு போட்டுப் பாத்தேன். ஒண்ணும் எடுபடல."

"எங்கம்மா மேல மாடியில இருக்காங்க."

"பெரியம்மாவா? காது கேக்காதுல்ல அவங்களுக்கு? எப்பப் பாத்தாலும் ரேடியோ அலறுதே."

அந்தச் சிரிப்பை எடுத்துவிடு என்றாள் அவள். பார்க்கலாம் என்றான் அவன். பார்க்கலாம் என்று சொல்பவர்கள் பார்ப்பதில்லை. ஆனாலும் இரண்டு நாள் அந்த வாசகம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. சீசாவை எடுத்துவிட்டிருந்தான். "ஒரு கையில சுக்கான், ஒரு கையில..." என்று நிறுத்தி, கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் கண்ணடித்தான். சிரிப்பு முன்னைவிடக் கூடுதலாக வந்தது.

படகு மூழ்கிய அன்று இறந்தவர்கள் பத்தொன்பது பேர். அதை அவன் எந்த நாளும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

விடுப்பின் கடைசி நாள், மறுநாளிலிருந்து வருகிறேன் என்று சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டு, போட்டிருந்த சாம்பல் நிறச் சீருடையோடும் கைக்கட்டோடும் வந்து சாயந்திர நடைக்கு ஒரு சீட்டு வாங்கினாள். காசு கொடுத்துவிட்டால் தன்னைத் துரத்த முடியாது என்பது அவள் கணக்கு. குடைக்காரன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கிழித்துக் கொடுத்தான்.

பிறந்து வளர்ந்த ஊரை அவள் அன்றுதான் சுற்றிப் பார்த்தாள். வெடிமருந்துக் கிடங்கு என்று அவன் காட்டியது, அவளுக்குத் தெரிந்து, உப்பு மூட்டை அடுக்கியிருந்த இடம். முந்நூறு வருடத்துத் தூக்கு மரம் என்று ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினான். அவள் ஐந்தாவது படிக்கும்போது நகராட்சிக்காரர்கள் அதைக் குழி தோண்டி நட்டார்கள். குழிக்குள் அவளுடைய ரப்பர் செருப்பு ஒன்று விழுந்து, இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும். மக்கள் மரத்தைப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றாள். நிற்கட்டும். அந்த மரத்தில் தொங்காத அவனுக்கு, கேட்டு நோக மகள் கிடையாது, ஜன்னலும் கிடையாது.

ஆறாவது நிறுத்தம். மேலே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. குடைக்காரன் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் படித்துறைப் படியில் ஏறி நின்றுவிட்டாள்.

"அந்தப் படகை ஓட்டினவரு என் அப்பா" என்றாள்.

மேலே ரேடியோ நின்றது.

"அவரு குடிக்க மாட்டாரு. வயித்துல புண்ணு. அது அம்பது பேர் போற படகு. அன்னைக்கு எண்பத்தேழு பேர ஏத்துனாங்க. உள்ள வர்ற தண்ணிய இறைக்கிற பம்பு மூணு வாரமா ஓடல. எழுதிக் குடுத்தாரு. ஓட்ட மாட்டேன்னு சொன்னாரு. அப்ப சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ, வேற ஆளு ஓட்டுவான்னு மேலதிகாரி சொன்னாரு. வேற ஆளுக்கு இந்தத் துறையோட பாறை தெரியாது. அதனால இவரே ஏறினாரு. பத்தொம்பது பேரு செத்தாங்க, அவரையும் சேத்து. துறையில அவரு தங்குற அறையில ஒரு சீசா கிடந்துச்சு. அது விளக்குக்கு ஊத்துற மண்ணெண்ணெய். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. போட்டோவுல சீசா தெரிஞ்சுது. மண்ணெண்ணெய் தெரியல."

விரிப்பு இத்தனை, துண்டு இத்தனை, தலையணை உறை இத்தனை என்று சலவைக்கூடத்தில் சீட்டு வாசிப்பாளே, அதே குரலில் சொன்னாள். அழுகை வரவில்லை. சொல்லி முடித்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டுப் போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குடைக்காரன் அவளையே பார்த்தான். அவன் யோசித்ததை அவள் கண்ணால் கண்டாள், அரை நொடிதான். மஞ்சள் குடையைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்து, அவளைப் பார்த்துத் தலை குனிந்தான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"அருமைம்மா" என்று ஒரு அம்மாள் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அந்தக் கட்டு, அந்தச் சீருடை, எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க."

"இது நிஜம்."

"நிஜம் மாதிரியேதான் இருந்துச்சு."

"நான் நிஜமாவே அவரோட மகள்."

"தெரியுதும்மா. அந்த அளவுக்கு உள்ள போயிட்டீங்க. வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு நூற்று அறுபத்தெட்டுப் படியையும் ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள். கல்லின் மேல் யாரும் உட்காரவில்லை. குடைக்காரன் கீழே நின்று, ஏறுகிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு அவன் வீட்டுக்கே வந்துவிட்டான். செருப்பை வாசலில் விட்டு, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தான்.

"முப்பது பேரும் ஏறுனாங்கக்கா. இதுவரைக்கும் இப்படி நடந்ததில்ல."

"அதைச் சொல்லவா வந்த?"

"தினமும் வேணாம். வாரத்துக்கு மூணு நாள், சாயந்திர நடைக்கு மட்டும் வாங்க. சலவைக்கூடத்துல நான் பேசிக்கறேன்."

"எங்கப்பா சாவ நான் வாரா வாரம் நடிச்சுக் காட்டணுமா?"

"நடிக்கவே வேணாம். இன்னைக்குச் சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க. நடுவுல மட்டும் ஒரு இடத்துல நிறுத்தி மூச்சு விடுங்க. பம்பு சமாச்சாரம் கொஞ்சம் நீளம்."

அம்மா கட்டிலில் சற்று முன்னால் சாய்ந்தாள். "அந்தக் குடிப் பேச்சை எடுத்துருவியா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டேன் பெரியம்மா. ஆனா அந்த எடத்துல எதையாவது வச்சாகணும். அக்கா வரலேன்னா எனக்குப் பழசுதான் இருக்கு." மிரட்டுகிற குரல் இல்லை. மழை வந்தால் நனையும் என்பது போலச் சொன்னான்.

அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிச்சுப் போ" என்றாள் அவனிடம்.

"சரிக்கா. அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்."

என்ன சொல்கிறான் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வேறு ஒரு சிரிப்பைத் தேடுவான் என்று நினைத்தாள்.

மூன்று வாரம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "இப்பல்லாம் அப்படிச் சொல்றதில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான்காவது வாரம் சலவைக்கூடத்தில் கொதிகலன் பழுதாகி, அவளைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மணி பத்தாகப் போகும்போது படியேறினாள். அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். கட்டிலிலிருந்து அந்த நாற்காலிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கீழே படித்துறையில் சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். இடது கையில் வெள்ளைக் கட்டு. இவளுடைய கையில் காயம் ஆறி, தோல் மெழுகு போலப் பளபளத்தது. கட்டை அவிழ்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

"அந்தப் படகை ஓட்டினவரு... என் அப்பா" என்றாள் அந்தப் பெண். சரியான இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டாள். பம்பு சமாச்சாரம் ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. எண்பத்தேழு நூற்றிருபது ஆகியிருந்தது. பிறகு, தண்ணீரில் குதித்த அப்பா, இரண்டு குழந்தைகளை இரண்டு கக்கத்தில் இடுக்கிக் கரைக்கு நீந்திக் கொண்டுவந்தார். மூன்றாவது குழந்தைக்காகத் திரும்பிப் போனார். போகும்போது கரையில் நின்ற மகளைப் பார்த்து, "அழாதடா கண்ணு" என்றார்.

உண்மையான மகள் அன்று கரையில் இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் கடைசியாகச் சொன்னது, எழுந்து கதவைச் சாத்து என்பது. அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவே சாத்திக்கொண்டு போனார்.

கீழே கைதட்டல். குடைக்காரன் நிமிர்ந்து ஜன்னலில் இவளைக் கண்டான். மரியாதையாகக் குடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான்.

இறங்கிப் போய், இவள் இல்லை, நான்தான் மகள் என்று சொல்லலாம். இன்னொரு தடவை கை தட்டுவார்கள்.

"உன்ன விட நல்லா சொல்றா" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு புள்ளைங்கள காப்பாத்தியிருக்காரு."

"அம்மா, அப்பாவுக்கு நீச்சலே தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" அம்மா திரும்பவில்லை. "இருபது வருஷம் அவரோட குடும்பம் நடத்தினது நீயா, நானா? சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். மதியம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்தாள். நான்கு மணிக்குச் சந்தின் முனையில் கால்களின் சத்தம் கேட்டதும், எட்டி ரேடியோவின் திருகைப் பிடித்து முழுச் சத்தத்துக்கு வைத்தாள்.

"அதை அணை" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு வர்ற நேரம்."